அச்சடிக்கலாம், சொல்லக்கூடாது

மார்ச் 6

தம்பிக்கு,

நீ விடாமல் போன் செய்ததைப் பார்த்தேன். எடுக்கவில்லை. இனியும் எடுக்கப் போவதில்லை. போனில் நீ "சரிக்கா, சரிக்கா" என்பாய், நானும் மனசு இளகி வைத்துவிடுவேன், விஷயம் அப்படியே கிடக்கும். சொல்ல வேண்டியதை எழுது. எழுத்தில் "சரிக்கா" செல்லாது.

நடந்ததை முதலில் நானே எழுதிவிடுகிறேன். நீ வேறு மாதிரி நினைவு வைத்திருந்தால் திருத்து.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் இறுதி ஆட்டம். என் பட்டறையில் நானே அச்சடித்த ஜெர்சிகளை இரண்டு பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு காலை ரயிலில் வந்தேன். நீலத் துணி, நெஞ்சில் வெள்ளை எழுத்தில் 'நொண்டிப் படை'. "எழுத்து பெரிசா இருக்கணும்க்கா, கடைசி வரிசையில உக்காந்திருக்கறவனும் படிக்கணும்" என்று சொன்னது நீ. அதற்காகவே புது அச்சு ஸ்கிரீன் செய்தேன்.

உட்கார்ந்தபடி ஆடும் கைப்பந்தை நான் அதுவரை பார்த்ததில்லை. ஊன்றுகோல்களையும் கட்டைக் கால்களையும் சுவரோரம் சாய்த்துவிட்டு, தரையில் கையை ஊன்றி நகர்ந்து நகர்ந்து நீங்கள் ஆடிய வேகம் நான் எதிர்பாராதது. கடைசி செட்டில் பந்து உன் தலைக்கு மேல் எழும்பியது. நான் எழுந்து நின்று, வீட்டில் கூப்பிடுவது போலவே கத்தினேன்: "டேய் நொண்டி, அடிடா!" நீ அடித்தாய். ஜெயித்தீர்கள்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெண், நீங்கள் குண்டூசி என்று கூப்பிடுகிறவள், தரையில் நகர்ந்தே கேலரி வரைக்கும் வந்தாள்.

"யாரு கத்தினது?"

நான் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினேன். "நான்தான்மா. இவனோட அக்கா."

"யாரா இருந்தா என்ன? அந்த வார்த்தை உங்களுக்கு இல்ல. வெளிய போங்க."

நான் உன்னைப் பார்த்தேன். நீ விரலில் சுற்றியிருந்த டேப்பைப் பிய்த்துக்கொண்டிருந்தாய். பையை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

அந்த வார்த்தையை உங்கள் எல்லாருடைய நெஞ்சிலும் அச்சடித்தவள் நான். அதன் மை என் நகக்கண்ணில் இன்னும் இருக்கிறது. அச்சடிக்கலாம், சொல்லக்கூடாது என்றால் அந்தச் சட்டத்தை ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லியிருக்கலாம்.

நீ ஏன் ஜெயித்த கையோடு வீட்டுக்கு வரவில்லை என்று அம்மா கேட்டாள். வேலை அதிகம் என்று சொல்லியிருக்கிறேன்.

அக்கா


மார்ச் 13

அக்கா,

திருத்த அதிகம் இல்லை. ஒரே ஒரு இடம்: நான் டேப்பைப் பிய்க்கவில்லை, பிய்ப்பது போல் இருந்தேன். அது ஆட்டத்தின் நடுவிலேயே பிய்ந்துவிட்டது.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று உனக்குச் சொன்னதில்லை. முதல் வருஷம் எங்கள் அணிக்குப் பேர் 'நம்பிக்கை நட்சத்திரங்கள்'. ஹாலை இலவசமாகக் கொடுத்த சங்கத் தலைவர் வைத்த பேர். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் மைக்கைப் பிடித்து எங்களைப் பற்றிப் பேசுவார். நாங்கள் பந்தைத் தொடும் முன்பே பார்க்க வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு ஆட்டத்தில் படுதோல்வி. பார்க்கவே கேவலமாக ஆடினோம். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

உடை மாற்றும் அறையில் குண்டூசி பூட்ஸைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "தோத்ததுக்குக் கை தட்டறாங்க. நாம ஆடினதை ஒருத்தரும் பாக்கல. வீட்டுக்குப் போய், பாவம் நொண்டிங்கன்னுதான் சொல்லப் போறாங்க. அதை நாமளே முதல்ல சொல்லிட்டா என்ன?"

அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் காவலாளி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பேரை மாற்றின பிறகு யாரும் அழுவதில்லை. எதிர் அணிக்காரர்களுக்கு எங்கள் நெஞ்சைப் பார்ப்பதா முகத்தைப் பார்ப்பதா என்று தெரிவதில்லை. அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் இரண்டு பாயின்ட் எடுத்துவிடுகிறோம்.

இப்போது நீ கேட்காமல் கேட்டது. நீ கத்தியது எனக்கு உறைக்கவே இல்லை. வீட்டில் மிக்ஸி ஓடுகிற சத்தம் மாதிரி, நான் கேட்டு வளர்ந்தது. ஆனால் அது நம் வீட்டுச் சத்தம் என்று அந்த ஹாலில் எனக்கு மட்டும்தான் தெரியும். உனக்கு இரண்டு வரிசை பின்னால் ஒருவர் அதையே திருப்பிச் சொல்லிச் சிரித்தார். நீ திரும்பிப் பார்க்கவில்லை. குண்டூசி பார்த்தாள். அவளுடைய ஆபீஸில் அவளுக்கு மேலே இருக்கிறவர் அவர்.

அவள் சொன்னது விதிப்படி சரி, ஆளைப் பொறுத்தவரை தப்பு. இவ்வளவு நீளமான வாக்கியம் அந்த நேரத்தில் எனக்கு வாயில் வரவில்லை. வந்ததெல்லாம் டேப்தான்.

தம்பி


மார்ச் 21

தம்பிக்கு,

விதி என்கிறாய். அதை எழுதும்போது யாரைக் கேட்டீர்கள்?

உன்னை சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் கூட்டிப் போனேன். மாவு மில் திருப்பத்தில் தினமும் ஒரு கூட்டம் நிற்கும். "நொண்டி வண்டி வருது டோய்!" அந்த வண்டியில் இரண்டு பேர் இருந்தோம். வார்த்தை உன்மேல் மட்டும் பட்டு, என்மேல் படாமல் விலகிப் போனதாக எனக்கு நினைவில்லை. மிதித்தவள் நான். வேகமாக மிதித்தால் பயந்துவிட்டோம் என்று சிரிப்பார்கள், மெதுவாக மிதித்தால் இன்னொரு தடவை சொல்வார்கள்.

அப்புறம் எனக்கு மாப்பிள்ளை பார்த்த கதை. வந்த இடத்திலெல்லாம் உன்னைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "குடும்பத்துலயே உண்டா?" என்று கேட்டார்கள். மூன்றாவது தடவை கேட்டபோது, "உண்டு, வேணும்னா கொஞ்சம் பார்சல் பண்ணித் தரேன்" என்றேன். அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எனக்குக் கல்யாணம் ஆகாததற்கு நீ காரணம் என்று சொல்ல வரவில்லை. அந்த மூன்றாவது ஆளை எனக்கே பிடிக்கவில்லை. ஊர் நம் வீட்டுக்கு என்ன பேர் வைத்திருந்தது என்பதற்காகச் சொன்னேன்.

ஒருநாள் நீ வகுப்பிலிருந்து அழுதுகொண்டே வந்து கதவுக்குப் பின்னால் நின்றாய். என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல், "சரிடா நொண்டி, வந்து சாப்பிடு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எனக்கே பகீரென்றது. நீ என்னை முறைத்தாய். அப்புறம் சிரித்தாய். தட்டில் இருந்ததெல்லாம் சிந்தும்வரை சிரித்தாய். உங்கள் குண்டூசி உடை மாற்றும் அறையில் கண்டுபிடித்ததை, நாம் சமையலறையில் எப்போதோ கண்டுபிடித்துவிட்டோம்.

இதில் எனக்குப் பங்கு இல்லை என்று சொல்வதானால் சொல். காலை வைத்து அளந்து சொல்லாதே.

இன்னொரு விஷயம். உங்கள் அணியில் புதிதாகச் சேர்ந்த லாரி டிரைவர் நேற்று பட்டறைக்கு வந்தார். பழைய சிநேகிதர் ஓட்டும் லாரியில் முன்சீட்டில் உட்கார்ந்து, இதற்காகவே இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். தன் ஜெர்சியை மடித்துக் கொண்டுவந்திருந்தார்.

"தங்கச்சி, இந்த எழுத்து இல்லாம ஒண்ணு கிடைக்குமா? வெறும் நீலம். நம்பர் மட்டும் போதும்."

"ஏண்ணா, பேர் பிடிக்கலையா?"

உலர்த்துவதற்குக் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவங்கல்லாம் பொறந்ததுலேர்ந்து கேட்டவங்கம்மா. எனக்குப் போன வருஷம் வரைக்கும் ரெண்டு கால். ரோட்டுல மெதுவா குறுக்க போறவன் எவனா இருந்தாலும் தலைய வெளிய நீட்டி அந்த வார்த்தையாலதான் திட்டுவேன். இப்ப இதை மாட்டிக்கிட்டா, நானே வண்டியில உக்காந்து என்னையே திட்டற மாதிரி இருக்கு. நான் இன்னும் அந்த வார்த்தைக்கு வந்து சேரல."

பதினோராம் நம்பர் மட்டும் போட்டுக் கொடுத்தேன்.

அக்கா


ஏப்ரல் 4

அக்கா,

உன் கடிதத்துக்கு நிதானமாகப் பதில் எழுதலாம் என்று இருந்தேன். அதற்குள் நீ அச்சடித்த பதினோராம் நம்பர் வேலையைக் காட்டிவிட்டது.

போன ஞாயிறு பக்கத்து ஊர் அணியோடு ஆட்டம். டிரைவர் அண்ணா வெறும் நீலத்தில் வந்து உட்கார்ந்தார். நடுவர் விசில் அடித்தார். எல்லாருக்கும் ஒரே மாதிரி ஜெர்சி இருக்க வேண்டும், மாற்றாவிட்டால் அவர் ஆட முடியாது என்றார். என்னிடம் ஒரு உபரி ஜெர்சி இருந்தது. நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

குண்டூசி கேட்டாள்: "வெக்கமா இருக்காண்ணா?"

"ஆமாம்மா" என்றார் அவர்.

அவள் அதற்குத் தயாராக இல்லை. "இல்லை" என்று அவர் சொல்லியிருந்தால் பிடித்துக்கொள்ள அவளிடம் ஆயிரம் இருந்தது. அவர் சுவரோரம் நகர்ந்து போய், கட்டைக் காலை மாட்டி, வாசல் கதவைத் தானே திறந்துகொண்டு போனார். தோற்றோம். அதற்குப் பிறகு அவர் பயிற்சிக்கு வரவில்லை.

நீ வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் தையல் விட்டுப்போன இடமாகப் பார்த்துக் கத்தரி வைத்தாய். எனக்கு ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம். போன்தான் கிடையாது என்று சொல்லிவிட்டாயே.

யார் அச்சடித்தது என்று குண்டூசி கேட்டாள். என் அக்கா என்றேன். "உங்கக்காவுக்கு நம்ம பேர் மேல அவ்வளவு கோவமா?" என்றாள். "பேர் மேல இல்ல" என்றேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. நானும் விளக்கவில்லை.

வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது. வேண்டும் என்று சொல்ல எங்களுக்கும் இருக்கிறது. அது எங்களைத் தூக்கி நிறுத்திய வார்த்தை. அவரை அது கீழே தள்ளுகிறது. இரண்டையும் ஒரே ஜெர்சியில் எப்படிப் போடுவது என்று அச்சுக்காரிக்குத் தெரிந்தால் சொல்லட்டும்.

உன் சைக்கிளைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் வரவில்லை. கேரியரில் உட்கார்ந்திருந்ததால் உன் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

தம்பி


ஏப்ரல் 10

தம்பிக்கு,

கேட்டவருக்குக் கேட்டதை அச்சடித்தேன். நீ கேட்டபோதும் அதைத்தான் செய்தேன். ஏன் என்று உன்னை நான் கேட்டேனா?

இரண்டையும் ஒரே ஜெர்சியில் போட முடியாது. துணி குடித்த மையைத் திரும்ப எடுக்கவும் முடியாது. மேலே வேறு மை பூசி மறைக்கலாம். கனமாகும், நாலு சலவையில் வெடிக்கும், அடியில் இருப்பது தெரியும். தொழில்படி பதில் இவ்வளவுதான்.

அம்மாவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும். பவர் எழுதிய சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் தம்பி இருக்கும்போது வெளியே கொடுத்தால் நன்றாக இருக்காது.

அக்கா


மே 3

அக்கா,

கண்ணாடி பார்சலில் வருகிறது. ஃப்ரேம் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்றால் நான் தேர்ந்தெடுக்கவில்லை என்று சொல்லிவிடு.

இது கண்ணாடியைப் பற்றிய கடிதம் இல்லை. உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கேட்க எனக்குத் தகுதி இல்லை என்றும் தெரியும். ஆகவே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

குண்டூசி ஒரு பார்சல் கம்பெனியில் புகார்களைக் கேட்கும் மேஜையில் இருக்கிறாள். அன்றைக்கு உனக்குப் பின்னால் சிரித்தாரே, அவர் அவளுடைய மேற்பார்வையாளர். ஆட்டம் முடிந்த மறுநாளிலிருந்து அவளை அந்தப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறார். "நொண்டிப் படை வந்தாச்சா?" என்று ஆரம்பித்து, பிறகு வெறும் "நொண்டி, அந்த ஃபைலை எடும்மா" என்று ஆனது. அவள் இரண்டு தடவை நிறுத்தச் சொன்னாள். மூன்றாவது தடவை புகார் கொடுத்தாள்.

விசாரணைக் குழுவில் அவர் சொன்ன பதில்: "அவங்களே சட்டையில போட்டுக்கறாங்க. அன்னிக்கு ஒரு அம்மா எழுந்து நின்னு கத்தினாங்க, எல்லாரும் சந்தோஷமாத்தான் இருந்தாங்க. நானும் பாசமாத்தான் கூப்பிட்டேன்."

குழு அவளிடம் கேட்டிருக்கிறது: "நீங்களே பெருமையா வச்சுக்கிட்ட பேர்தானேம்மா?" அவளுக்குப் பேச்சே வரவில்லையாம். குண்டூசிக்கு! இப்போது பொய்ப் புகார் கொடுத்ததாக அவள்மேலேயே நடவடிக்கை எடுக்கலாமா என்று யோசிக்கிறார்கள். சம்பளமில்லாத விடுப்பில் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

அன்றைக்கு எல்லாரும் சந்தோஷமாக இல்லை, வெளியாள் ஒருவர் சொன்னதும் அங்கேயே தடுத்தார்கள் என்பதற்கு அவர்கள் தட்ட முடியாத அத்தாட்சி, வெளியே அனுப்பப்பட்ட நீதான். நான் போய்ச் சொன்னேன். கூட ஆடுகிறவன், அவளுக்குச் சாதகமாகத்தான் பேசுவான் என்று குறித்துக்கொண்டார்கள்.

எல்லார் முன்னாலும் உன்னை வெளியே போகச் சொன்னாள் என்பதை, நீயே இன்னொரு தடவை எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். அவளுக்காக. கேட்பது அநியாயம்தான்.

தம்பி


மே 12

தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு நாள் மேஜையில் அப்படியே வைத்திருந்தேன். முடியாது என்று எழுதலாம் என்று உட்கார்ந்தபோது, பட்டறை மாடிப்படியில் ஒரு சத்தம். ஒரு கால் அழுத்தமாக, ஒரு கால் மெதுவாக. நீ ஏறுகிற சத்தம் போலவே இருந்ததால் நீதான் என்று நினைத்துக் கதவைத் திறந்தேன். உங்கள் குண்டூசி.

அவள் தரையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் நான் பார்த்திருக்கிறேன். நின்றால் என் தோளுக்கு வருகிறாள்.

"மன்னிப்பு கேக்க வரல" என்றாள், உள்ளே வரும் முன்பே.

"அப்ப எதுக்கு வந்த?"

"நடந்ததைச் சொல்லச் சொல்லி. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

"அந்த இடத்துல அவன் அக்கான்னு சொன்னேன். கேட்டியா நீ?"

"கேட்டேன். உங்களுக்குப் பின்னாடி அந்தாள் உக்காந்திருந்தான். அக்கான்னா ஒரு விதி, அவனுக்கு ஒரு விதின்னு அன்னிக்கு அந்த ஹால்ல நான் எப்படிப் பிரிச்சுச் சொல்றது? கத்தினது நீங்க. கத்துக்கிட்டது அவன்."

நான் திரும்பிப் போய் மை கலக்க ஆரம்பித்தேன். கலக்கிக்கொண்டே இருந்தேன். அவள் உட்காரவில்லை. உட்காரச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. பிறகுதான் கவனித்தேன், வலது கை மேஜையின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. ஸ்டூலைக் காலால் தள்ளினேன். உட்கார்ந்தாள்.

"டிரைவர் அண்ணாவை வெக்கமா இருக்கான்னு ஏன் கேட்ட?" என்றேன்.

மேஜையில் கிடந்த துணியை மடித்து வைத்தாள். அப்புறம் சொன்னாள்: "போன வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். லாரி ஷெட்டுல பழைய ஆளுங்க எல்லாம் சேர்ந்து மாலை போடாத குறையா, 'வாடா நொண்டிப் படை'ன்னு கூப்பிட்டிருக்காங்க. சுவர்ல எங்க போஸ்டரைப் பாத்திருக்காங்க. பெருமையாத்தான் சொன்னாங்களாம். அவரும் சிரிச்சாராம். அதுக்கப்புறம் வீட்டை விட்டு வெளிய வரல. அவங்க வீட்டுக்காரம்மா சொன்னாங்க, கேலி பண்ணியிருந்தா சண்டை போட்டிருப்பார், பாசமா சொன்னாங்க, அதான் தாங்கலன்னு."

"அதுக்கு நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. போஸ்டர் ஒட்டினது நான்."

அவள் இறங்கும்போது படியில் விளக்கைப் போட்டேன். அடுத்த திங்கள் விசாரணை என்று கீழே இருந்து கத்திச் சொல்லிவிட்டுப் போனாள். வருவேனா என்று கேட்டு எழுதாதே.

அக்கா


மே 23

அக்கா,

வந்தாய். வந்துவிட்டு என்னைப் பார்க்காமல் ரயிலுக்குப் போய்விட்டாய். நான் லிப்ட் வாசலில் நின்றேன், நீ படியில் இறங்கிவிட்டாய் என்று பிறகு சொன்னார்கள். படி என்றால் நான் துரத்த மாட்டேன் என்று உனக்குத் தெரியும்.

என் சாட்சி முன்னாலேயே முடிந்துவிட்டதால் பின்வரிசையில் உட்கார விட்டார்கள். நீ பேசியதை எழுதிவைக்கிறேன். நீ சொன்னதை நீயே அவ்வளவு கவனிக்கவில்லை என்று எனக்குச் சந்தேகம்.

குழுத் தலைவி கேட்டார்: "அந்த வார்த்தையைச் சொன்னது நீங்கதானா?"

"நான்தான்."

"என்ன நடந்துச்சு?"

"வெளிய போகச் சொன்னாங்க. போனேன்."

அந்த மேற்பார்வையாளர் அவசரப்பட்டு எழுந்தார். "அம்மா, நீங்க பாசமாத்தானே சொன்னீங்க?"

"ஆமா."

"பாத்தீங்களா! பாசமா சொல்றதுல தப்பில்லைன்னு இவங்களே சொல்றாங்க. நானும் செல்லமாத்தான், நொண்டின்னு."

நீ அவரையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஏதோ வாசனை பிடிக்கிற மாதிரி. எனக்குப் பயமாக இருந்தது, மாப்பிள்ளை வீட்டாரிடம் பார்சல் என்று சொன்ன மாதிரி ஏதாவது சொல்லிவிடுவாயோ என்று. நீ குரலே உயர்த்தவில்லை.

"நான் சொன்னது தப்புன்னு எனக்கு இப்பவும் தோணல. இந்தப் பொண்ணு என்னை வெளிய அனுப்பினது தப்புன்னுதான் தோணுது. அந்தக் கோவம் இன்னும் இருக்கு. ஆனா வேண்டாம்னு சொன்னா, நான் போயிட்டேன். உங்ககிட்டயும் சொன்னா. நீங்க போகல."

தலைவி பேனாவை மூடி வைத்தார்.

நேற்று முடிவு வந்தது. அவரை வேறு கிளைக்கு மாற்றிவிட்டார்கள், எச்சரிக்கைக் கடிதத்தோடு. அதற்கு மேல் எதுவும் இல்லை. குண்டூசி திங்கள் முதல் வேலைக்குப் போகிறாள். உனக்கு நன்றி சொல்லச் சொன்னாளா என்று கேட்பாய். இல்லை. "உங்கக்கா கூட்டவும் இல்ல, குறைக்கவும் இல்ல" என்றாள். அவளிடமிருந்து அது பெரிய விஷயம்.

அணியில் ஓட்டு எடுத்தோம். பேர் அதேதான். ஆனால் ஆட்டத்தில் எல்லாரும் வெறும் நீலம், நம்பர் மட்டும். பேர் போட்டது பயிற்சிக்கு, விருப்பப்பட்டவர்களுக்கு. குண்டூசி எதிர்த்து ஓட்டுப் போட்டுத் தோற்றாள். ஆட்டத்தில் நீலத்துக்கு அடியில் பழையதையும் போட்டுக்கொண்டு வரப்போவதாகச் சபதம். டிரைவர் அண்ணா இன்னும் வரவில்லை. சொல்லி அனுப்பியிருக்கிறோம். வருவார் என்று சொல்ல முடியாது.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். யார் சொல்லலாம், யார் சொல்லக்கூடாது என்பது ஹாலுக்கு, ஆபீஸுக்கு, தெருவுக்கு. நம் வீட்டுக்குள்ளே நீ என்னை எப்போதும் போலவே கூப்பிடு. எனக்கு அது வேண்டும். நீ அப்படிக் கூப்பிடாவிட்டால் நான் ஏதோ தப்புச் செய்த மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா?

தம்பி


மே 29

தம்பிக்கு,

நீ எழுதியதில் திருத்த ஒன்றுமில்லை. படியில் இறங்கியது உன்னைத் தவிர்க்கத்தான்.

அந்த ஆள் "செல்லமாத்தான்" என்று சொன்னபோது நான் வாசனை பிடிக்கவில்லை, காது கொடுத்துக் கேட்டேன். அவர் குரலில் இருந்த இழுப்பு என் இழுப்பு. நக்கலாகச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்றும் சொல்ல முடியாது. அவருக்கும் ஒரு வீடு இருக்கும், அங்கே யாரையோ எதையோ சொல்லிக் கூப்பிட்டிருப்பார்.

இதனால் குண்டூசி பக்கம் நியாயம் என்று நான் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளாதே. மாவு மில் திருப்பத்தில் எனக்கு இருந்த பங்கு எனக்கு இருக்கிறது. அதை எந்தக் குழுவும் ஓட்டுப் போட்டு எடுக்க முடியாது.

ஆனால் நீ தருகிறேன் என்கிற அனுமதி எனக்கு வேண்டாம். உன்மேல் கோபத்தில் சொல்லவில்லை. இந்த வாரம் முழுக்கச் சமையலறையில் தனியாக நின்று அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்தேன். வாயில் வருகிறது. ஆனால் வருவதற்கு முன்னால் ஒரு நொடி யோசிக்கிறேன். அன்றைக்கு நீ கதவுக்குப் பின்னால் நின்றபோது யோசித்திருந்தால் நான் அதைச் சொல்லியே இருக்க மாட்டேன், நீயும் சிரித்திருக்க மாட்டாய். யோசித்துக் கூப்பிட்டால் அது வேறு யாரோ கூப்பிடுவது போலத்தான் இருக்கும். உனக்கும் அது தெரிந்துவிடும்.

நமக்கு மட்டும் இருந்த ஒன்று போய்விட்டது. யார் எடுத்தார்கள் என்று தேடிப் பார்த்தேன். நீ, அவள், அந்த ஆள், பெரிதாக எழுத்துப் போட்ட நான். ஒருவரை மட்டும் பிடித்துக் கேட்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வா. புதுக் கண்ணாடியில் நீ எவ்வளவு இளைத்திருக்கிறாய் என்று அம்மா பார்க்கட்டும். நான் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன். அம்மா எவ்வளவோ யோசித்து வைத்த நல்ல பேர்தான். நீ கதவுக்குப் பின்னால் நின்ற நாளிலிருந்து நான் அதை வாய் திறந்து சொன்னதே இல்லை. முதல் கொஞ்ச நாள் தடுமாறும். யாரைக் கூப்பிடுகிறாள் என்று நீ திரும்பிப் பார்த்துவிடாதே.

அக்கா